கோவலனின் ஊழும் பாண்டியனின் நாவும்

பழைய உரைகளைக் கொண்டாடும் காலமாக இது இருக்கிறது. 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டதிலிருந்து கருத்தரங்க மேடைகளில் ஒரே குரல் திரும்பத் திரும்பக் கேட்கிறது: உரையாசிரியரின் கை பிடிக்காமல் மூலத்துக்குள் காலெடுத்து வைக்காதே, காலத்தால் அவரே கவிஞனுக்கு நெருங்கியவர், நேற்று வந்த திறனாய்வாளனுக்கு அந்த மரபின் மூச்சு பிடிபடாது. சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் குரல் இன்னும் உரக்க ஒலிக்கிறது. அரும்பதவுரைகாரரும் அடியார்க்குநல்லாரும் சொன்னதற்கு மேல் அக்காப்பியத்தில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்பதுபோலவும், அதை ஓர் அவல நாடகமாகப் படிப்பவர்கள் மேல்நாட்டுச் சட்டையைக் கண்ணகிக்குப் போட்டுவிடுகிறார்கள் என்பதுபோலவும் பேசுகிறார்கள். இந்தப் பேச்சில் பாதி நியாயம். மீதிப் பாதிதான் சிலம்பின் மையக் காட்சியை ஏழெட்டு நூற்றாண்டுகளாக மங்கச் செய்திருக்கிறது என்பது என் கட்சி.

நியாயமான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். அடியார்க்குநல்லார் இல்லாவிட்டால் அரங்கேற்று காதை இன்று நமக்கு வெறும் சொற்குவியல்தான். அரங்கின் அளவு, எழினி, யாழ், குழல், ஆடலாசான், தண்ணுமையோன் என்று அவர் எழுதிக்கொண்டே போகும் விளக்கங்களில் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என ஒரு நூலகத்தின் வாசனை இருக்கிறது. அந்த நூலகத்தின் பெரும்பகுதியை நாம் இழந்துவிட்டோம். 1917இல் வந்த ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் 1947இல் வந்த விபுலானந்தரின் யாழ் நூலும் இந்த உரையின் தோளில் ஏறி நின்று எழுதப்பட்டவை. 1892இல் உ.வே. சாமிநாதையர் இரண்டு உரைகளையும் மூலத்தோடு சேர்த்துப் பதிப்பித்தபோது தமிழுக்குச் செய்த உதவியை அளவிட முடியாது. இதையெல்லாம் மறுப்பவன் மூடன். அடுத்த பேச்சுக்கு வருவோம்.

உரைகள் எதில் பேசுகின்றன, எதில் பேசாமல் கடக்கின்றன என்று பார்த்தால் விநோதமான ஒரு சமனின்மை தெரியும். மாதவி ஆடிய பதினோராடலுக்கு இருக்கும் விளக்கத்தின் ஆழம் கோவலன் வெட்டுண்டு விழும் இடத்துக்கு இல்லை. அங்கே உரை சொற்பொருளைச் சொல்லிவிட்டு ஊழைக் கைகாட்டிவிடுகிறது. பிற்காலத்தில் வந்த ஆய்வாளர்களும் இந்தச் சமனின்மையைத் தங்கள் பங்குக்கு வளர்த்தார்கள். வரந்தரு காதையில் வரும் இலங்கைக் கயவாகுவைக் கொண்டு கனகசபைப் பிள்ளை 1904இல் காப்பியத்தை இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்தினார். அடியார்க்குநல்லார் நாளும் மீனும் திதியும் கணித்து எழுதிய குறிப்பைப் பிடித்துக்கொண்டு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 756க்குக் கொண்டுவந்தார். வையாபுரிப் பிள்ளையும் பிற்காலமே என்றார்; இராமச்சந்திர தீட்சிதர் முதலானோர் மறுத்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் தமிழ்ப் புலமையின் கூர்மையெல்லாம் மதுரை எந்த வெள்ளிக்கிழமை எரிந்தது என்பதில் செலவானது. ஏன் எரிந்தது என்ற கேள்விக்குப் பழைய உரை சொன்ன விடையே போதும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அந்த விடையைச் சோதிக்கக் கொலைக்களக் காதைக்குப் போக வேண்டும். கூத்தரங்கில் நாடகமகளிரின் ஆடலில் அரசன் மனம் தோய்ந்தது கண்டு கோப்பெருந்தேவி ஊடுகிறாள். தலைநோவு என்று சொல்லி எழுந்துபோகிறாள். அமைச்சரை விட்டு அரசன் அவள் கோயில் நோக்கி விரைகிறான். வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான், காணாமல்போன சிலம்போடு கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் ஊர்காப்பாளரை அழைத்து, தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்கிறான். உரை மரபு கை வைக்கும் இடம் இதுதான். அரசன் வாயில் ‘கொன்று’ என்றிருப்பதை ‘கொல்ல’ என்று கொள்ள வேண்டும் என்கிறது விளக்கம். கொல்லும்பொருட்டு அவனையும் சிலம்பையும் இங்கே கொண்டுவாருங்கள் என்பதுதான் அவன் சொல்ல நினைத்தது. வினை விளையும் காலம் வந்துவிட்டதால் நா புரண்டு வேறாகச் சொல்லிவிட்டான். ஒரு வினையெச்சத்தின் ஈறு மாறியதால் ஒரு வணிகனும் ஓர் அரசனும் ஒரு நகரமும் அழிந்தன என்றாகிறது.

இந்த விளக்கம் புத்திசாலித்தனமானது. பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்தது. வகுப்பறையில் எடுத்துச் சொன்னால் மாணவர்கள் வாய் பிளப்பார்கள். ஆனால் மூலத்தில் இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அரசன் ஒன்றை நினைத்து வேறொன்றைச் சொன்னதாக இளங்கோ எங்கும் சொல்லவில்லை. வினை விளையும் காலம் என்று அவர் சொல்வது உண்மை. அதே மூச்சில் வேம்பன் தேராதவனாகி என்றும் சொல்கிறார். தவறு ஆராயாமையில் இருக்கிறது, நாவில் இல்லை. அரசவையில் கண்ணகி வந்து நின்று அரசனை விளிக்கும்போதும் இந்தத் தேர்தல் என்ற வினையின் எதிர்மறையைத்தான் அவன்மேல் எறிகிறாள். கதைசொல்லியும் பாதிக்கப்பட்டவளும் ஒரே குற்றத்துக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவில் வந்த உரையாசிரியர் அதை எடுத்துவிட்டு வாய்தவறலை வைக்கிறார். போகட்டும், ‘கொல்ல’ என்றே கொள்வோம். அப்போதும் அரசன் தப்புகிறானா? கொல்வதற்காகக் கொண்டுவா என்பதும் தீர்ப்பு எழுதி முடித்த பிறகு சொல்லும் சொல்தான். சாட்சி ஒருவன், அவனே திருடன். சிலம்பு கையில் இருந்தால் போதும் என்பதே அரசனின் முழு விசாரணை. சிலம்பின் உள்ளே முத்தா மாணிக்கமா என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். பின்னால் கண்ணகி அப்படித்தான் முடித்துக் காட்டுகிறாள். உரை தேடித் தந்த சலுகை கொலைக்களத்தைக் கோவலன் நின்ற இடத்திலிருந்து அரண்மனை முற்றத்துக்கு மாற்றுவதைத் தவிர வேறெதையும் சாதிக்கவில்லை.

உரைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காதையின் முடிவிலேயே இளங்கோ, காவலனின் செங்கோல் வளைந்ததையும் கோவலன் பண்டை ஊழ்வினையால் வீழ்ந்ததையும் சேர்த்துச் சொல்கிறாரே, உரையாசிரியர் கவிஞன் சொன்னதைத்தானே சொன்னார் என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை எழுப்புபவர்கள் அந்த ஊழ் யாருடையது என்று பார்ப்பதில்லை. அது கோவலனுடையது. வினைக் கோட்பாட்டை அதன் சொந்தக் கணக்கிலேயே வைத்துப் பார்த்தாலும், செத்தவனின் பழவினை அவன் சாவுக்குக் காரணம் சொல்லும். கொன்றவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது. கோவலனுக்கு வர வேண்டிய சாவு எந்த வழியிலும் வந்திருக்கலாம். அது தன் கை வழியே வரும்படி விட்டவனுக்குப் புதிய வினை தொடங்குகிறது. அதனால்தான் இளங்கோ வளைந்த கோலையும் பழைய வினையையும் தனித்தனியே குறிப்பிடுகிறார். ஒன்று அரசன் கணக்கு, மற்றது வணிகன் கணக்கு. உரை மரபு செய்தது ஒரு சிறு கைமாற்றம்: கோவலன் பெயரில் இருந்த ஊழை எடுத்துப் பாண்டியனின் நாக்கில் வைத்துவிட்டது. முற்பிறப்பில் யாரையோ கொன்ற பாவம் கோவலனைச் சேர்ந்தது. அதன் பலனாக வாய்தவறும் சலுகை மட்டும் பாண்டியனுக்கு. சமணமோ வைதிகமோ, எந்தச் சமயத்தின் வினைக் கொள்கையும் இப்படி ஒரு கணக்கை ஏற்காது.

காப்பியத்தில் ஊழைப் பற்றிப் பேசுவது யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அடைக்கலக் காதையில் மாடலன் பேசுகிறான். யானையின் பிடியிலிருந்து முதிய அந்தணனை மீட்டது, கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணுக்குப் பொருள் கொடுத்துத் துணைநின்றது, பொய்க்கரி சொன்னவனுக்காகப் பூதத்திடம் தன்னுயிரைத் தர முன்வந்தது என்று கோவலனின் நற்செயல்களை அடுக்கிவிட்டு, இந்தப் பிறப்பில் நான் அறிந்தவை நல்வினைகளே, இது முற்பிறப்பின் பயனோ என்று கேட்கிறான். அது கேள்வி. விடை தெரியாத ஒரு நல்ல மனிதனின் திகைப்பு. பிறகு கட்டுரை காதையில் மதுராபதி வருகிறாள். சிங்கபுரம், கபிலபுரம், சங்கமன், பரதன், நீலியின் சாபம், பதினான்கு நாள் என்று முற்பிறப்புக் கதை முழுவதும் அவள் வாயிலிருந்துதான் வருகிறது. மதுராபதி யார்? பாண்டியர் குலத்துக்குக் காவல் தெய்வம். அவள் கண்ணகியின் பின்னே வந்து நின்று பேசத் தொடங்குவதே பாண்டியர் புகழைத்தான்: கையைக் குறைத்துக்கொண்ட பொற்கைப் பாண்டியன் கதை, வார்த்திகனைத் தவறாகச் சிறையிட்டதற்கு ஈடுசெய்த கதை. தன் குலத்துக்காக வாதாடும் ஒருத்தி சொன்ன வரலாற்றை இளங்கோ அவள் வாயில் வைத்தார். அதை எடுத்துக் காப்பியத்தின் தீர்ப்பாக அச்சடித்தவர்கள் படித்தவர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வாதத்தை நீதிபதியின் தீர்ப்பாகப் படியெடுத்த எழுத்தரைப் போன்ற பிழை இது. கண்ணகி அந்தக் கதையைக் கேட்டு என்ன சொன்னாள்? ஒப்புக்கொண்டதாக ஒரு சொல் இல்லை. கொற்றவை வாயிலில் பொற்றொடி தகர்த்துவிட்டு மேற்கு நோக்கிப் போகிறாள்.

பதிகத்தைக் காட்டுவார்கள். பதிகம் நூலின் நோக்கமாக மூன்றைச் சொல்கிறது. ஊழ்வினை அவற்றில் மூன்றாவது. முதலாவது அரசியல் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாகும் என்பது. பதிகம் இளங்கோ பாடியதுதானா என்ற ஐயம் நெடுங்காலமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பதிகத்தையே சான்றாக ஏற்றாலும், அரசன் பிழைத்தான் என்பதை அது முதல் வரிசையில் வைத்திருக்கிறது. பிழைக்காத அரசனுக்கு அறம் ஏன் கூற்றாக வேண்டும்? மூன்றில் கடைசியை எடுத்து முதலாவதை ரத்துசெய்யும் வாசிப்பு பதிகத்துக்கும் நேர்மையானதாக இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று பாண்டியன்தான். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது அவன் வினையைப் பேசவில்லை. ஊழ் என்று ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை. பொற்கொல்லன் சொல் கேட்ட தானே கள்வன் என்கிறான், குடிகளைக் காக்கும் தென்புலத்து ஆட்சி தன்னால் பிழைத்தது என்கிறான், உயிர் விடுகிறான். தமிழ் இலக்கியத்தில் ஓர் அரசன் இவ்வளவு முழுமையாகத் தன் குற்றத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட காட்சி வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அவன் பெருமை அதில் இருக்கிறது. காப்பியத்தின் அவலமும் அதில்தான் இருக்கிறது. நல்லவன், நீதிமான் என்று பெயரெடுத்தவன், தன் மனைவியின் ஊடலைத் தீர்க்கப் போகும் அவசரத்தில் ஒரு பொழுதில் ஆராயாமல் விட்டான், அதை உணர்ந்த கணத்தில் வாழ முடியாமல் போனான். அவன் கேட்காத மன்னிப்பை உரையாசிரியர் இலக்கணம் கொண்டு வாங்கித் தருகிறார். வாய்தவறிய மனிதன் இறந்தால் அது விபத்து, பரிதாபப்படலாம், அவ்வளவுதான். ஆராயாமல் ஆணையிட்டவன் அதை அறிந்து இறக்கும்போதுதான் நமக்கு நெஞ்சு நடுங்குகிறது. அரசனைக் காப்பாற்றப் புகுந்த விளக்கம் அவனைச் சிறியவனாக்கிவிட்டது.

வாழ்த்துக் காதையில் கண்ணகியே தோன்றி, தென்னவன் தீதற்றவன், தான் அவன் மகள் என்கிறாளே என்பது மிச்சமுள்ள மறுப்பு. இதை எளிதாக ஒதுக்க முடியாது. ஆனால் பேசுபவள் யார் என்று பார்த்தால் அவள் இப்போது தெய்வம். செங்குட்டுவன் எழுப்பிய கோயிலில் சேரநாட்டுக்கும் சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் பொதுவாக நிற்க வேண்டியவள். மூன்று நாட்டையும் ஒரு வழிபாட்டுக்குள் கொண்டுவரும் வஞ்சிக்காண்டத்துக்கு அந்தச் சமாதானம் தேவை. மதுரைத் தெருவில் ஒற்றைச் சிலம்போடு நின்ற பெண் அதைச் சொல்லவில்லை. மேலும், ஒருவனைத் தீதிலன் என்று அறிவிக்க வேண்டியிருப்பதே தீது அவன்மேல் நிற்கிறது என்பதால்தான். தன் உயிரைக் கொடுத்துத் தீர்த்தான், ஆதலால் இனி இல்லை என்பதாகவே அந்த வாக்கைப் படிக்கலாம். முதலிலிருந்தே இல்லை என்று படிப்பதற்குப் பாண்டியனின் சாவை நாம் மறக்க வேண்டும்.

அவலம் என்பதே இரவல் கோட்பாடு என்ற குற்றச்சாட்டு மிச்சம். சொல்பவர்கள் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் திறந்து பார்க்கலாம். அழுகை எதனால் பிறக்கும் என்று அங்கே நான்கு காரணம் சொல்லப்படுகிறது: பிறரால் இழிவுபடுதல், இழத்தல், இருந்த நிலை கெடுதல், வறுமை. நான்கும் மனிதருக்கு மனிதரிடையே நேர்பவை. ஊழ் அந்தப் பட்டியலில் இல்லை. மனையும் பொருளும் இழந்து, காலில் இருந்ததை விற்க வந்த ஊரில் கள்வன் என்று பெயர் வாங்கிச் சாகும் வணிகனின் கதையில் நான்கும் ஒருங்கே கூடுகின்றன. இதைப் பார்க்கக் கிரேக்கத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை. நம் கவிதையியலிலேயே கருவி இருந்தது. உரையாசிரியர்களுக்கு அது நன்றாகத் தெரிந்தும் இருந்தது. அரங்கேற்று காதைக்கு நாடக நூல்களை வாரி இறைத்தவர்கள், நாடகத்தின் உச்சத்தில் நாடகக் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத குறை.

இருபதாம் நூற்றாண்டு அந்தக் கண்ணைத் திறந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. திராவிட இயக்க மேடை ஊழைத் தள்ளி நீதியை முன்னால் கொண்டுவந்தது. 1964இல் பூம்புகார் திரைப்படம், 1968இல் கடற்கரையில் கையில் சிலம்போடு சிலை. ஊழிலிருந்து மீட்டார்கள், வெற்றியில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். வழக்கில் வென்ற கண்ணகியைக் காட்டினார்கள். யாருக்காக வென்றாளோ அவன் கிடக்கும் இடம் சிலையில் இல்லை. மறுபுறம் பெரியார் வழியில் காப்பியத்தையே மூடநம்பிக்கை என்று தள்ளியவர்கள், உரைகள் சொன்ன ஊழ்வாசிப்பை அப்படியே மூலமாக எடுத்துக்கொண்டு மூலத்தை அடித்தார்கள். இரு தரப்பும் சண்டையிட்டது உரையின் நிழலோடு. ம.பொ. சிவஞானம் போன்றவர்களின் காப்பியப் பற்று பெரிது. அதுவும் தமிழ்த் தேசியத்தின் ஒற்றுமையைத் தேடிப் போனதே தவிர, அன்று அரண்மனை இடைகழியில் நடந்ததை நின்று பார்க்கவில்லை.

ஊழ் விளக்கத்தின் உண்மையான எடை தெரிய வேண்டுமானால் அதைப் பொற்கொல்லர்களிடம் வைத்துப் பார்க்க வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்த பின் பாண்டிநாடு மழை வறந்து, வறுமையும் வெப்புநோயும் தொடர்ந்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். மழை பெய்தது என்கிறது நூல். நீர்ப்படைக் காதையிலும் இச்செய்தி வருகிறது. குற்றம் செய்தவன் ஒருவன். மற்றவர்கள் அவன் தொழிலைச் செய்தவர்கள் என்பதைத் தவிர எதுவும் செய்யாதவர்கள். நடந்ததெல்லாம் கோவலனின் பழவினைதான் என்றால், அரசனே நாவில் ஊழ் ஏறிப் பேசியவன்தான் என்றால், அந்தப் பொற்கொல்லன் சொன்ன பொய்யும் ஊழ் சொல்லவைத்தது அல்லவா? அரசனுக்காக ஒரு வினையெச்சத்தைத் திருத்திக் கொடுத்த மரபில் இந்த ஆயிரம் பேருக்காக ஊழைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற யாரும் முன்வரவில்லை. அரண்மனைக்கு ஊழ், பட்டறைக்குப் பழி. கவிஞரோ இதை மறைக்கவில்லை. இந்தப் பலியைச் சொல்லும் உரைபெறு கட்டுரை பதிகத்துக்கும் மங்கல வாழ்த்துப் பாடலுக்கும் நடுவில் நிற்கிறது. திங்களைப் போற்றும் பகுதிக்கு வருவதற்கு முன்பே வாசகன் அந்த ஆயிரம் பேரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.